தயவுசெய்து தொட வேண்டாம்

டிசம்பர் 1, திங்கள்

எங்கள் நகரில் இன்று வெர்டினா சூப்பர் மார்க்கெட்டைத் திறந்தார்கள். முதல் நாளே மானம் போயிற்று. எனக்கு அல்ல, கடைக்கு.

செல்லதுரை அண்ணாச்சியின் மளிகைக் கடை இருந்த இடம்தான். அண்ணாச்சி கட்டடத்தை இந்தக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் மாதக்கணக்கில் இடித்து, தட்டி, கண்ணாடி மாட்டி, வெள்ளை வெளேரென்று தரை போட்டிருக்கிறார்கள். அண்ணா நகர், நுங்கம்பாக்கம் பக்கமெல்லாம் இந்த மாதிரிக் கடைதானாம். ஊரப்பாக்கத்துக்கும் அந்த யோகம் அடித்திருக்கிறது. காலையில் ரிப்பன் வெட்டியதும் முதலில் நுழைந்த கோதண்டராமன் வீட்டம்மா, தரையைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். அவ்வளவுதான். பின்னால் போன அத்தனை பேரும் கழற்றினார்கள். சற்று நேரத்தில் கல்யாண மண்டப வாசல் மாதிரி ஒரே செருப்புக் குவியல். மேனேஜர் பெண், சங்கவி என்று பெயர், வெளியே ஓடி வந்து கெஞ்சினாள்.

"செருப்பு போட்டுக்கிட்டே வரலாம் மேடம். இது கடைதான், ப்ளீஸ்."

"இவ்ளோ பளபளன்னு வச்சிருக்கீங்க, எப்படிம்மா செருப்போட வர்றது?" என்று பக்கத்து வீட்டு ஜெயசீலி அவளையே திருப்பிக் கேட்டாள்.

நான் கழற்றவில்லை. திரும்பி வந்து அந்தக் குவியலில் என் செருப்பை யார் தேடிக்கொண்டிருப்பது?

உள்ளே இன்னும் வேடிக்கை. மாதத்தின் முதல் தேதி. எல்லோரும் மாத சாமான் வாங்கப் பெரிய பெரிய பைகளோடு வந்திருக்கிறார்கள். கடையிலோ கையில் மாட்டிக்கொள்ளும் குட்டிக் கூடை. வெங்காயம் இரண்டு, வலையில் கட்டி. தேங்காய் பாதி, பிளாஸ்டிக் சுற்றி. ஒருவர் அரிசிச் சிப்பம் கேட்டார். இரண்டு கிலோ பாக்கெட்தான் பெரியது என்றார்கள்.

"ஒருத்தர் ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு ஏத்த பேக்கிங் சார். சிட்டில எல்லாம் இப்படித்தான்."

"நாங்க ஏழு பேரும்மா. மத்த அஞ்சு பேரை என்ன பண்ண?"

நான் ஒருத்திதான். என் கணக்குக்கு ஏற்ற கடை. ஆனாலும் பிடிக்கவில்லை. முதலில் அந்த அலமாரிகளைச் செய்த ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். தட்டு ஒவ்வொன்றும் நடுவில் நெளிந்து நிற்கிறது. இவ்வளவு செலவு செய்தவர்கள் ஒரு ரசமட்டம் வைத்துப் பார்க்கக் கூடாதா? ஜெயசீலியிடம் சொன்னேன். "நேராத்தானேக்கா இருக்கு" என்கிறாள். அவளுக்கு எதைத்தான் கவனிக்கத் தெரியும்?

டிசம்பர் 3, புதன்

அண்ணாச்சி கடை மட்டும் சொர்க்கமா என்ன? துவரம் பருப்பில் கல் இருக்கும், தராசுத் தட்டில் கட்டை விரல் இருக்கும். அதற்காக ஒன்றும் நான் அழவில்லை. ஆனால் அங்கே நான் எதையும் தேட வேண்டியதில்லை. "கால் கிலோ உளுந்து" என்றால் உளுந்து வரும்.

இரும்புலியூர்க்காரர் கடை ஒன்று ஜிஎஸ்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அந்த ரோட்டைக் கடப்பதற்கெல்லாம் எனக்கு இப்போது பொறுமை இல்லை.

டிசம்பர் 6, சனி

பில் போடுவதற்கு ஆள் கிடையாது. ஒரு மிஷின். நாமே பொருளை அதன் முன்னால் காட்ட வேண்டும், நாமே திரையில் அமுக்க வேண்டும். தப்பாக அமுக்கினால் ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் குற்றம் சொல்கிறது. மூன்று தடவை குற்றம் சொன்னது. பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

தாம்பரம் ரிசர்வேஷன் கவுன்ட்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள் நான். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் "அடுத்த ஆள்" என்று கூப்பிட்ட தமயந்தி. இன்று ஒரு மிஷின் என்னை ஓரம் கட்டுகிறது. நான் செய்தது ஒழுங்கு. இது செய்வது அராஜகம்.

திரையில் எழுத்துகளைக் கடுகு மாதிரிப் போட்டிருக்கிறார்கள். கடைசியில் சங்கவி வந்து அமுக்கினாள். "எனக்குத் தெரியும், உங்க மிஷின்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

வெண்டைக்காய்ச் சண்டை.

வெண்டைக்காய் வாங்குகிறவள் நுனியை ஒடித்துப் பார்ப்பாள். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து கொடுத்தால் முற்றல். இது என் அம்மாவுக்குத் தெரியும், ஜெயசீலிக்குத் தெரியும், கூடுவாஞ்சேரிச் சந்தைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். ஊரப்பாக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஒரு வாரமாக அந்தக் கடையில் ஒடித்துத் தள்ளியிருக்கிறார்கள். சாயங்காலமானால் நுனி போன காய்கள் மட்டும் தட்டில் மொட்டையாகக் கிடக்குமாம். இன்று தட்டுக்கு மேலே ஒரு போர்டு. ஜெயசீலி படித்துச் சொன்னாள்: தயவுசெய்து தொட வேண்டாம்.

படித்துச் சொன்ன பிறகும் நான் ஒடித்தேன். சங்கவி வந்தாள்.

"மேடம், ஒடிச்ச காயை யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. எங்களுக்கு வேஸ்ட் ஆகுது."

"ஒடிக்காம எப்படிம்மா வாங்கறது?"

"பார்த்து எடுங்க மேடம். பார்த்தாலே தெரியும்ல."

எனக்கு வந்ததே கோபம்! "எனக்குப் பார்க்கத் தெரியாதுன்னு சொல்றியா நீ?" என்று கத்திவிட்டேன். கடையே திரும்பியது. அந்தப் பெண் பயந்துபோய் "ஐயோ, அப்படிச் சொல்லல மேடம்" என்றாள். அவள் சொன்னது அவ்வளவு பெரிய பேச்சும் இல்லை. ஆனாலும் கூடையைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

டிசம்பர் 10, புதன்

இன்று ரசமும் அப்பளமும். ஒரு குறையும் இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

நேற்று மறுபடி வெர்டினாவுக்குப் போனேன். வேறு வழி? காய்களையெல்லாம் மெல்லிய பிளாஸ்டிக் போட்டு மூடிவிட்டார்கள். கட்டை விரலால் ஓட்டை போட்டுப் பார்த்தே வாங்கினேன். கூடவே சூப் பாக்கெட் ஒன்று.

இன்று காலை பார்த்தி பூனாவிலிருந்து வீடியோவில் வந்தான். ஒரே மகன், ஞாயிறு தவறாமல் கூப்பிடுவான், அந்தக் குறை சொல்ல மாட்டேன். "என்னம்மா சமையல்?" என்றான். பெருமையாக அந்தப் பாக்கெட்டை எடுத்துக் காட்டினேன்.

"அம்மா, அது பூனைக்குப் போடற சாப்பாடு."

"தெரியும்டா. பூனைக்குத்தான் வாங்கினேன்."

"நம்ம வீட்ல ஏதும்மா பூனை?"

"வளர்க்கலாம்னு இருக்கேன்."

பூனைப் படத்தை இவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறார்களாம், எப்படித் தெரியாமல் போகும் என்கிறான். போன மாதம் மின்சாரக் கட்டணம் கட்டாமல் விட்டது, அவன் மனைவி பிறந்தநாளுக்கு வேறு யாருக்கோ வாழ்த்து அனுப்பியது, எல்லாவற்றையும் எடுத்தான். ஜெயசீலியும் ஏதோ போட்டுக் கொடுத்திருக்கிறாள். பொங்கலுக்கு வருகிறானாம். வந்து, கூட இருந்து பார்த்து, என்னால் தனியாகச் சமாளிக்க முடியாது என்று தோன்றினால் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு என்னைக் கையோடு பூனாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவானாம். குடிவர ஆள்கூடப் பார்த்து வைத்திருக்கிறான். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றான்.

இந்த வீடு என் சம்பளத்தில் கட்டியது. அவன் அப்பா போன பிறகு, கடைசித் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று குடை பிடித்துக்கொண்டு நான்தான் நின்றேன். பதினாலாவது மாடியில் ஒரு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பேரனுடைய கார்ட்டூன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, நேரத்துக்கு மாத்திரை சாப்பிட என்னால் முடியாது. முடியவே முடியாது.

வரட்டும். என்னோடு கடைக்கும் வரட்டும். நான் தனியாகச் சமாளிப்பதைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

டிசம்பர் 17, புதன்

பேங்க் வேலை என்று ஜெயசீலியிடம் சொல்லிவிட்டு ரயிலேறிச் செங்கல்பட்டு போய் வந்தேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். சொட்டு மருந்து விட்டு, லைட் அடித்து, நிறையப் பேசினார். விழித்திரையின் நடுவில் கசிவாம். ஊசி போட வேண்டுமாம், கண்ணுக்குள்ளேயே. மாதம் ஒன்று, எத்தனை மாதம் என்று சொல்ல முடியாதாம். ஒரு கட்டம் போட்ட அட்டை கொடுத்தார், தினமும் பார்க்கச் சொல்லி. கட்டங்களெல்லாம் நடுவில் சுழன்று எங்கேயோ சொருகிக்கொள்கின்றன. அச்சடித்தவனுக்குக் கவனமில்லை.

ஊசியைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பார்த்திக்குத் தெரிந்தால் பொங்கல் வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டான். பொங்கல் போகட்டும், பிறகு பார்க்கலாம்.

டிசம்பர் 20, சனி

படையெடுப்பு ஆரம்பம்.

கடை திறந்ததும் கூட்டமே இருக்காது. அந்த நேரத்துக்குத் தினமும் போகிறேன். ஒவ்வொரு வரிசையாக நடந்து, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, மூக்கின் ஓரத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்து, எது எங்கே என்று மனதில் ஏற்றுகிறேன். நெல்லை எக்ஸ்பிரஸ் எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஒரு மளிகைக் கடை எம்மாத்திரம்?

காப்பித்தூள் சுலபம், வாசனையே கூப்பிடும். பால், தயிர் இருக்கும் ஃப்ரிட்ஜ் ஓயாமல் முனகும். பருப்புகள்தான் சண்டித்தனம். எல்லாம் ஒரே மாதிரிப் பாக்கெட். உருட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தேன்: கடலைப் பருப்புக்கு மூக்கு உண்டு, துவரைக்குக் கிடையாது.

கேட்டு வாங்கினால் என்ன என்று யாராவது சொல்லலாம். அந்தக் கடையில் யாரும் எதையும் கேட்பதில்லை. மெல்லிசாகப் பாட்டு ஓடுகிறது, எல்லோரும் ஆஸ்பத்திரி மாதிரி கிசுகிசுக்கிறார்கள். கோதண்டராமன் வீட்டம்மா ஏதோ ஒரு பாக்கெட் முன்னால் வெகுநேரம் நின்றார். ஆங்கிலப் பெயராக இருக்கும். ஆளைக் கூப்பிட வாயெடுத்தார், பிறகு எடுத்த வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். அண்ணாச்சியே கூடை மாட்டிக்கொண்டு வந்தார், சொந்தக் கட்டடத்தில் விருந்தாளி மாதிரி. என்னிடம் ஒதுங்கி வந்து கேட்டார்.

"ரயில்வேம்மா, கினோவான்னு ஒரு சாமான் வச்சிருக்கானுவளே, அது என்னது?"

"தெரியாது அண்ணாச்சி."

"எனக்கும் வெளங்க மாட்டேங்கு. கேட்டா சிரிப்பானுவளோன்னு ஒண்ணு எடுத்துட்டேன்."

நாற்பது வருஷம் மளிகை விற்றவர்!

டிசம்பர் 28, ஞாயிறு

பேனாவை மாற்றியிருக்கிறேன். பழைய பேனாவில் மை வெளிறிவிட்டது. இது ஸ்கெட்ச் பேனா, நல்ல கருப்பு. எழுத்து கொஞ்சம் பெரிதாக வருகிறது, பக்கத்துக்கு ஆறு வரிதான் பிடிக்கிறது. போகட்டும், டைரி எனக்கு இலவசமாக வந்ததுதான்.

ஜனவரி 1, வியாழன்

புது வருஷம். அதே நான்.

ஜனவரி 5, திங்கள்

ஒத்திகை பார்த்தேன். நிற்காமல், தயங்காமல், யாரையும் கேட்காமல் எடுத்தேன். ரவை, புளி, மிளகாய்த்தூள், தயிர், குளியல் சோப்பு. வீட்டில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

சங்கவி வேறு சொன்னாள்: "மேடம், எங்க ஸ்டாஃபை விட நீங்க வேகமா எடுக்கறீங்க." வெண்டைக்காய்ச் சண்டையை அவள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. நல்ல பெண்தான். வரும் வழியில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பார்த்தி, வாடா ராஜா!

ஜனவரி 9, வெள்ளி

பயமாக இருக்கிறது. ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

இன்று ஜெயசீலி எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அவள் குரல் வருகிறது, வளையல் தெரிகிறது, காதுத் தோடு தெரிகிறது. முகம் இருக்கும் இடத்தில் ரப்பர் வைத்து அழித்த கறை. "ஏன்க்கா என் தோளையே பார்க்கறீங்க?" என்றாள். ரவிக்கை நன்றாகத் தைத்திருக்கிறது என்றேன்.

ஜனவரி 13, செவ்வாய்

பார்த்தி வந்துவிட்டான். இளைத்திருக்கிறான் என்று சொன்னேன். நாலு கிலோ ஏறியிருக்கிறானாம்.

அவன் விருப்பத்துக்கு வெண்டைக்காய் வதக்கி, வெந்தயக் குழம்பு வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். "உனக்குன்னு தனி ரூம் ரெடி பண்ணிட்டேன்மா, கிழக்குப் பார்த்தது" என்றான். அவன் குரலில் அன்பு இருந்தது. அதுதான் தொந்தரவு. திட்டினால் நானும் திட்டிவிடுவேன்.

"நாளைக்குப் பொங்கல் சாமான் வாங்கணும், கடைக்கு வா" என்றேன். "சரிம்மா" என்றான். நாளை இந்நேரம் வாயடைத்துப் போவான்.

ஜனவரி 14, புதன், போகி

எப்படி எழுதுவது? நடந்தபடியே எழுதுகிறேன்.

வாசலிலேயே கரும்புக்கட்டு இடித்தது. மஞ்சள் கொத்து, பானை, தோரணம். உள்ளே போனால் கடை முழுக்கக் கரும்பு வாசனை. காப்பி வாசனையைக் காணோம். ஏதோ சரியில்லை என்று அப்போதே நெஞ்சு சொன்னது. பின்னால் பார்த்தி வருகிறான், நின்று யோசிக்க முடியுமா? கூடையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். பருப்பு வரிசையில் இரண்டு எடுத்தேன். அதற்கு மேல்தட்டில் வெல்லம், அடுத்து நெய், முந்திரி. எங்கும் நிற்கவில்லை. கூடையை அவன் கையில் கொடுத்து "பில் போடு போ" என்றேன், கவுன்ட்டரில் உட்கார்ந்த காலத்துக் குரலில்.

அவன் நகரவில்லை. கூடைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தான். நாய் பிஸ்கட். கொசுவர்த்தி. பாசிப்பருப்பு என்று நான் எடுத்தது பறவைகளுக்குப் போடும் தினை. வெல்லம் என்று எடுத்தது துணி சோப்பு. தள்ளிப் போய்ச் சங்கவியிடம் தணிந்த குரலில் பேசினான். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"அம்மாவுக்குக் கொஞ்ச நாளா மறதி அதிகமாயிடுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

மறதி! எனக்கு!

"டேய்!" என்றேன். பாட்டையும் மீறிக் கேட்டிருக்க வேண்டும். "யாருக்குடா மறதி? இங்க வா. நேத்து வரைக்கும் இந்தக் கடையில என்ன எங்க இருந்துச்சுன்னு நான் சொல்றேன், அந்தப் பொண்ணை வச்சுச் சரிபார்த்துக்கோ. நுழைஞ்சதும் கை பக்கம் பழம். அது முடியற இடத்துல தேங்காய். முதல் வரிசையில அரிசி, அவல், ரவை, அதுக்கு எதிர்ல காப்பி, டீ. ரெண்டாவதுல கீழ்த்தட்டு முழுக்கப் பருப்பு, துவரை முதல்ல, பாசிப்பருப்பு கடைசில, அதுக்கு மேல்தட்டு வெல்லம், நெய். திரும்பினா ஃப்ரிட்ஜ். சோப்பு, கொசுவர்த்தி எல்லாம் கடைசிச் சுவர். நாய் பூனைக்கு வாங்கறது பில் மிஷினுக்குப் பின்னாடி. சொல்லும்மா சங்கவி, சரியா தப்பா?"

"எல்லாமே கரெக்ட் சார்" என்றாள் பார்த்தியிடம். "பொங்கலுக்காக நேத்து சாயங்காலம்தான் மொத்தக் கடையையும் மாத்தினோம். எங்க ஸ்டாஃபுக்கே இன்னும் பழகல."

"கேட்டியா? மூளை அப்படியே இருக்குடா. கண்ணுதான் போச்சு."

சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. நிறுத்தவும் முடியவில்லை.

"நேராப் பார்த்தா நடுவுல அழிஞ்சு போயிருக்கு. ஓரத்துல மட்டும் தெரியுது. உன் முகத்தைக்கூட நேத்துலேர்ந்து நான் பார்க்கல. நீ அந்தப் பக்கம் திரும்பி நின்னாத்தான் உன் மூக்கு தெரியுது."

பார்த்தி கூடையைத் தரையில் வைத்தான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஜனவரி 16, வெள்ளி

நேற்று பொங்கல் வைத்தோம். ஜெயசீலி வெல்லம் கொடுத்தாள். இன்றைக்குத்தான் பார்த்தி பேசினான்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா வீட்டைப் பூட்டியிருப்பே."

அவன் இல்லை என்று சொல்லவில்லை. பொய் சொல்லாத பிள்ளை, அந்த மட்டும் சந்தோஷம்.

"இப்பவும் பூட்டணும்னுதாம்மா சொல்றேன். அங்க பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கு."

"செங்கல்பட்டுலயும் ஊசி இருக்கு."

"ஊசி போட்டும் சரியாகலன்னா?"

"அப்பவும் இங்கதான் இருப்பேன்."

"எப்படி இருப்பே? யாரு பார்த்துப்பா?"

"எனக்குக் கண்ணு தெரியாதது உனக்குப் பயம். எனக்கும் பயம்தான். உன் வீட்டுக்கு வந்தா பயம் போயிடுமா? அங்கயும் அதே கண்ணுதானேடா இருக்கும். இந்த வீட்டுல இருட்டுலகூட எனக்கு எல்லா சுவிட்சும் தெரியும். உன் பதினாலாவது மாடியில தண்ணி குடிக்கறதுக்கும் உன்னைக் கூப்பிடணும்."

அவன் எழுந்து போய்க் கொல்லையில் நின்றான். வெகுநேரம் கழித்து வந்து, "ஊசி என்னிக்கு?" என்று கேட்டான். வாடகைக்கு வரவிருந்த ஆளுக்குப் போன் பண்ணினான். இன்னும் முடிவு பண்ணவில்லை என்றான். நான் திருத்தினேன். அவன் போனை என்னிடம் கொடுத்துவிட்டான். நானே சொன்னேன், வீடு வாடகைக்கு இல்லை என்று.

ஜனவரி 20, செவ்வாய்

ஊசி போட்டாயிற்று. கத்தவில்லை. டாக்டர்தான் "மூச்சை விடுங்கம்மா" என்று மூன்று தடவை சொன்னார்.

ஜனவரி 22, வியாழன்

பார்த்தி ஊருக்குப் போனான். போகும்போது என் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்றான், எனக்கு முகம் தெரியட்டும் என்று. அழக் கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. அடுத்த ஊசிக்கு வருகிறானாம். அதுவரைக்கும் பார்ப்பானாம். பார்க்கட்டும்.

ஜனவரி 27, செவ்வாய்

அரிசி தீர்ந்துவிட்டது. ஜெயசீலி வாங்கி வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று நானே போனேன்.

பொங்கல் முடிந்து கடையை மறுபடி மாற்றியிருந்தார்கள். பழைய இடத்துக்கும் இல்லை, பொங்கல் இடத்துக்கும் இல்லை, மூன்றாவதாக ஒரு மாதிரி. மனப்பாடமெல்லாம் போயே போயிற்று. ஒரு வரிசையின் நடுவில் நின்றேன். கையில் ஏதோ ஒரு பாக்கெட். பாட்டு ஓடுகிறது. சுற்றி ஆட்கள் நகர்வது தெரிகிறது, கிசுகிசு கேட்கிறது. யாரும் எதையும் கேட்கவில்லை. டாக்டரின் ஊசிகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை.

பிறகு பாக்கெட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

"எனக்குக் கண்ணு தெரியாது! இது என்னன்னு யாராவது படிச்சுச் சொல்லுங்க!"

கடை அப்படியே நின்றுவிட்டது. முதலில் ஒரு பெண், குரலைப் பார்த்தால் கல்லூரிப் பிள்ளை, ஓடி வந்து படித்தாள். ஓட்ஸ். எனக்கு வேண்டாம், அடுத்தது படி என்றேன். படித்தாள். அதற்குள் பின்னாலிருந்து கோதண்டராமன் வீட்டம்மா, "பாப்பா, எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, இதையும் சொல்லிடு" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். இன்னொருவர் தன் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டதாக ஆரம்பித்தார். அந்தக் கோடியிலிருந்து அண்ணாச்சியின் குரல்: "ஏம்மா, அந்தக் கினோவாவ எப்படித்தான் பொங்கித் திங்கணும்? யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, ஒரு மாசமா வீட்ல கெடக்கு!" ஒரே சிரிப்பு. திருவிழாக் கூட்டம் மாதிரி ஆளாளுக்குக் கேள்வி, ஆளாளுக்குப் பதில்.

சங்கவி வந்தாள். "மேடம், கொஞ்சம் மெதுவா... மத்த கஸ்டமர்ஸ்..."

"மத்த கஸ்டமர்ஸ்தாம்மா படிச்சுச் சொல்லிட்டிருக்காங்க."

அவள் போய்ப் பாட்டை நிறுத்திவிட்டாள்.

அரிசி, துவரை, புளி, எல்லாம் சரியாக வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பார்த்தி கூப்பிட்டான். டாக்டர் என்ன சொன்னார் என்றான். மேற்கொண்டு கெடாமல் இருந்தாலே பெரிசு என்று சொன்னதைச் சொன்னேன்.

"இப்போ தெரியுதாம்மா?"

"இல்லடா. நடுவுல இன்னும் தெரியல."

"அப்போ கடைக்கு யாரு போறா?"

"நான்தான்."

"தனியாவா? எப்படிம்மா?"

"சத்தமா" என்றேன்.